அகப்பையும் களைக்கொத்தும்

1863ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் நாள். சென்னைக்குத் தெற்கே பல்லாவரத்தில், சரளைக்கல் தோண்டியெடுக்கப்பட்ட ஒரு பள்ளத்தில், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த இராபர்ட் புரூஸ் ஃபுட் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். வழிப்போக்கர் காலால் எற்றிவிட்டுப் போகக்கூடிய கல்தான் அது. ஆனால் அதன் விளிம்புகள் தற்செயலாக உடைந்தவை அல்ல. தட்டித் தட்டிச் செதுக்கப்பட்டவை. இந்தியாவில் பழைய கற்காலக் கருவி என்று அடையாளம் காணப்பட்ட முதற்கல் என அது வரலாற்றில் இடம்பெற்றது. அதே ஆண்டின் செப்டம்பரில் ஃபுட்டும் வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கத்தில் மேலும் பல கருவிகளைக் கண்டனர். அந்த அத்திரம்பாக்கத்தின் கோடரிகளுக்கு ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டு வயது என்பதைச் சாந்தி பப்புவின் ஆய்வுக்குழு 2011இல் வெளியிட்டது.

தாம்பரத்தில் மின்தொடர்வண்டி ஏறினால் பல்லாவரம் மூன்றாவது நிறுத்தம். நாள்தோறும் அவ்வழியே செல்லும் பல்லாயிரவருள் அந்தக் கல்லைப் பற்றி அறிந்தவர் சிலராகவே இருப்பர். அறிந்தவரும்கூட ஒரு கேள்வியைக் கேட்பதில்லை. கல்லைக் கூராக்கிய கை, அந்தக் கூரை எதன்மேல் செலுத்தியது?

விலங்கின் தோலை உரிக்க, எலும்பை உடைக்க, கிழங்கைத் தோண்ட என்று பல விடைகள் உண்டு. மரத்தை வெட்டவும் சீவவும் என்பது அவற்றுள் ஒன்று. ஆயினும் மரம் மட்கிவிடும், கல் மட்காது. அதனாலேயே அந்தக் காலம் முழுவதற்கும் ‘கற்காலம்’ என்று பெயர் அமைந்துவிட்டது. மரத்துக்கு நீதி கிடைத்தது மிக அரிதாகத்தான். ஆப்பிரிக்காவின் சாம்பியா நாட்டில் கலம்போ அருவிக்கு அருகே, நீர் ஊறிய மண்ணுக்குள் மட்காமல் கிடந்த இரண்டு மரக்கட்டைகளைப் பற்றிய ஆய்வு 2023இல் வெளிவந்தது. ஒன்றில் வெட்டப்பட்ட பொழிவாயில் மற்றொன்று பொருந்தியிருந்தது. அவற்றின் வயது ஏறத்தாழ 4,76,000 ஆண்டுகள். அதே இடத்தில் ஆப்பும் தோண்டுகோலும்கூடக் கிடைத்தன. ஆப்பும் தோண்டுகோலும் இன்றைய உழவர் வீட்டிலும் உள்ளவை அல்லவா?

பாக்கங்களின் கருவிகள்

தாம்பரத்தைச் சுற்றியுள்ள ஊர்ப்பெயர்களைச் சற்றே வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கலாம். சிட்லபாக்கம், செம்பாக்கம், மாடம்பாக்கம், இராசகீழ்ப்பாக்கம், மேடவாக்கம், பெரும்பாக்கம், ஊரப்பாக்கம், மண்ணிவாக்கம். இவற்றுள் பலவும் ஏரியும் ஏரிக்குக் கீழே நெல்வயலும் கொண்டிருந்த ஊர்கள். சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931இல் மின்தொடர்வண்டி ஓடத் தொடங்கியது. சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937இல் நகரத்தை விட்டுத் தாம்பரத்தின் புதர்க்காட்டுக்குக் குடிபெயர்ந்தது. 2021இல் தாம்பரம் மாநகராட்சியாயிற்று. இந்த மூன்று ஆண்டுகளுக்கும் இடையே வயல்கள் மனைகளாயின. ஏரிகள் சில சுருங்கின, சில பெயரளவில் நின்றன.

வயல் போனபோது வயலின் கருவிகளும் போயின. ஏர், நுகம், பரம்புப்பலகை, ஏற்றம், மண்வெட்டிக் காம்பு, களைக்கொத்தின் பிடி என ஒவ்வொன்றிலும் மரம் இருந்தது. இரும்பு, மண்ணைத் தொடும் முனையில் மட்டுமே இருந்தது. மனிதக் கை தொட்ட இடமெல்லாம் மரம். கை தொடும் இடத்தில் இரும்பு இருந்தால் வெயிலில் சுடும். ஓங்கி வெட்டும்போது எழும் அதிர்வு நேரே தோளுக்கு ஏறும். மரம் அந்த அதிர்வில் ஒரு பகுதியைத் தானே வாங்கிக்கொள்ளும். நாள் முழுதும் களை கொத்துபவருக்கு இந்த வேறுபாடு மாலையில் தெரியும்.

இன்று அதே ஊர்களின் மாடிகளில் மீண்டும் கத்தரியும் வெண்டையும் பூக்கின்றன. மாடித்தோட்டம் போடுவோர் சிறு கொத்துகளையும் மண் அள்ளும் கரண்டிகளையும் கடையில் வாங்குகின்றனர். நெகிழிப் பிடி வெயிலில் வெளிறி ஒருநாள் பிளந்துவிட்டால் கருவி முழுவதும் குப்பைக்குப் போகிறது. பிடி உடைந்தால் பிடியை மட்டும் மாற்றலாம் என்ற எண்ணமே பலருக்கும் எழுவதில்லை. ஒரு தலைமுறைக்குள் இத்தனை எளிய அறிவு கைநழுவிப் போனது சிறிய இழப்பு அன்று.

அடுக்களையில் மரம்

அடுக்களையில் மரம் இன்னும் முற்றாக விடைபெறவில்லை. கீரை கடையும் மத்து பல வீடுகளில் இருக்கிறது. மண்சட்டியிலோ கல்சட்டியிலோ வெந்த கீரையை இரும்புக் கரண்டியால் மசித்தால் சட்டி கீறும், சில நேரம் உடையும். மரமத்து சட்டியோடு சண்டையிடுவதில்லை. புளிக்குழம்பைக் கிளறவும் மரம் தக்கது. பித்தளையிலும் செம்பிலும் புளிப்பு பட்டால் களிம்பு ஏறும். அதைத் தடுக்கவே அந்தக் காலத்தில் பாத்திரங்களுக்கு ஈயம் பூசினர். மரத்துக்கு அந்தப் பூச்சு வேண்டியதில்லை. கொதிக்கும் குழம்பில் நெடுநேரம் கிடந்தாலும் அதன் பிடி கையைச் சுடுவதில்லை.

எல்லாவற்றினும் எளியது கொட்டாங்கச்சி அகப்பை. வடக்கே கொட்டாங்கச்சி எனப்படுவதைத் தெற்கே சிரட்டை என்பர், பொருள் ஒன்றே. ஒரு தேங்காயை உடைத்தால் இரண்டு மூடிகள். மூன்று கண்கள் உள்ள மூடி அகப்பைக்கு ஆகாது. அக்கண்களுள் ஒன்று மெல்லியது, அது வழியே குழம்பு ஒழுகும். கண்ணில்லாத மூடியே வேண்டும். அதன் மேல்நாரை உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்டி வழுவழுப்பாக்குவர். விளிம்புக்குச் சற்றுக் கீழே எதிரெதிராக இரண்டு துளைகள் இட்டு, சீவிய மூங்கிற்குச்சியை ஒன்றின் வழியே நுழைத்து மற்றொன்றில் இறுக்குவர். ஆணி இல்லை, பசை இல்லை. ‘சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்’ என்று பழமொழி சொல்வது இந்த அகப்பையைத்தான். பழமொழி நிலைத்துவிட்டது, அகப்பை எப்படிச் செய்யப்படுகிறது என்று கேட்டால் சொல்வதற்கு ஆளைத் தேட வேண்டியிருக்கிறது.

காழ் எங்கே இருக்கிறது?

மரத்தொழிலின் முதற்பாடம் மரத்தை அறிதல். அந்த அறிவு தமிழில் மிகப் பழையது. தொல்காப்பியத்தின் மரபியல், நிலைத்திணைகளை அவற்றின் உறுதி எங்கே இருக்கிறது என்பதைக் கொண்டு இரண்டாகப் பிரிக்கிறது. புறத்தே வன்மை உடையவை புல். அகத்தே வன்மை உடையவை மரம். இவ்விலக்கணப்படி பனையும் தென்னையும் மூங்கிலும் புல்லாகும். வேம்பும் புளியும் மரமாகும். இலக்கண வகுப்பில் மனப்பாடம் செய்யப்படும் இந்தச் செய்தி, தச்சரின் பட்டறையில் உயிர்பெற்று எழுகிறது. மூங்கிலைப் பிடியாகப் பயன்படுத்துபவர் அதன் வெளித்தோலைச் சீவி எறிந்தால் வலிமையையே எறிந்தவராவார். வேம்பிலோ புளியிலோ வெளிப்பகுதியை நீக்கி, நடுவே நிறம் கறுத்து இறுகிய வைரப் பகுதியைத் தேட வேண்டும். ‘வைரம் பாய்ந்த கட்டை’ என்று முதியோரைப் புகழ்வது இதிலிருந்து வந்ததே. காழ் என்ற பழஞ்சொல்லும் வைரம் என்ற வழக்குச்சொல்லும் ஒரே பொருளைச் சுட்டுகின்றன. இலக்கணம் எழுதியவர் கட்டை வெட்டியவரோடு பேசியிருக்க வேண்டும் என்று எண்ணத் தோன்றுகிறது.

எந்த மரம் எதற்கு என்பதும் அனுபவம் தந்த அறிவு. இறைச்சிக் கடைகளில் வெட்டுக்கட்டையாக இருப்பது புளிய மரம். கத்தி எத்தனை முறை இறங்கினாலும் சிதறாது. கருவேலம் ஏருக்கும் கருவிப் பிடிகளுக்கும் உரியது. பூவரசு வளைந்து கொடுக்காமல் உழைக்கும். வண்டிச் சக்கரங்களுக்கு அதை விரும்பினர். கொய்யாக் கிளையில் பம்பரமும் உண்டிவில்லும் செய்த சிறுவர்கள் அதன் இறுக்கத்தை எந்த நூலிலும் படிக்கவில்லை. ஏரிக்கரைகளை வளைத்துக்கொண்ட சீமைக் கருவேலத்தை எல்லோரும் பழிக்கின்றனர். பழிக்கக் காரணமும் உண்டு. ஆயினும் வெட்டிப்போட்ட அதன் கட்டை கடினமானது, எளிதில் சுருங்காதது. களைக்கொத்துப் பிடிக்கு நன்கு பொருந்தும்.

விலக்க வேண்டியவையும் உள. புறநகர்த் தெருவோரங்களிலும் வீட்டு வாயில்களிலும் அழகுக்காக வளர்க்கப்படும் அரளி நச்சு மரம், எட்டியும் அவ்வாறே. இவற்றின் குச்சியால் உணவைக் கிளறுவது உயிருக்கு இறுதியாகலாம். இன்ன மரம் என்று உறுதியாகத் தெரியாத கட்டையை அடுக்களைக்குள் கொண்டுவரக் கூடாது. இதில் ஐயத்துக்கு இடமே தரலாகாது.

விழுந்த மரங்கள்

2016ஆம் ஆண்டு திசம்பர் 12ஆம் நாள் வர்தா புயல் சென்னையைத் தாக்கியது. ஒரே பகலில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. வண்டலூர் உயிரியல் பூங்காவும் கிறித்தவக் கல்லூரி வளாகமும் பெரிதும் அழிவுற்றன. நிழலுக்காகவும் பூவுக்காகவும் நடப்பட்ட, ஆழ வேரோடாத அயல்மரங்கள் மிகுதியாக வீழ்ந்தன என்பது அப்போது பலராலும் சுட்டப்பட்டது. அடுத்த பல நாள்கள் புறநகர் முழுதும் விசைரம்பங்களின் ஓசை. சாலையை மறித்த கிளைகள் துண்டாகி வண்டிகளில் ஏறின. பெரும்பகுதி விறகாகவும் குப்பையாகவும் கழிந்தது. வேம்பும் பூவரசும் எது, மயிற்கொன்றை எது என்று பிரித்தறியும் கண் தெருவுக்கு ஒருவரிடம் இருந்திருந்தால், ஒரு தெருவுக்கு வேண்டிய மத்தும் அகப்பையும் பிடியும் அந்தக் கிளைகளிலிருந்தே கிடைத்திருக்கும்.

உயிருள்ள மரத்தை வெட்ட வேண்டிய தேவையே இந்தக் கைவினைக்கு இல்லை. காற்றில் முறிந்த கிளை, மின்கம்பிக்காக வெட்டப்பட்ட கிளை, வீட்டுக்காரர் கழித்துப்போட்ட கிளை ஆகியவையே போதும். மணிக்கட்டைவிடச் சற்றுப் பருத்த, ஒரு முழ நீளமுள்ள, கணுவற்ற வேப்பங்கிளை ஒன்று ஒரு மரக்கரண்டிக்கு மிகுதி.

முதலில் கிளையை நீளவாக்கில் இரண்டாகப் பிளக்க வேண்டும். கொடுவாளைக் கிளையின் தலையில் வைத்து, அதன் முதுகில் கொட்டாப்புளியால் தட்டினால் நாரோட்டத்தைப் பின்பற்றித் தானே பிளக்கும். ரம்பம் நாரை அறுக்கும். பிளத்தல் நாரைப் பிரிக்கும். பிளந்த கட்டையில் நார் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அறுபடாமல் ஓடுவதால், மெல்லிய காம்பும் முறியாது. நடுவே ஓடும் நெட்டியைச் சீவி நீக்கிவிட வேண்டும். மரம் உலரும்போது வெடிப்பு அங்கிருந்துதான் தொடங்கும்.

பச்சை மரம் கத்திக்கு எளிதில் இணங்கும். உலர்ந்த வேம்போடு போராடிக் கைகொப்புளித்த பின்னரே பலரும் இதை உணர்கின்றனர். கரியால் கரண்டியின் உருவத்தை வரைந்துகொண்டு, முதலில் குழியைக் குடைய வேண்டும். வெளிவடிவத்தை முதலில் செதுக்கிவிட்டுக் குழியைப் பின்னர்க் குடையப் புகுவோர், பிடித்துக்கொள்ள இடமின்றித் திணறுவர். குழிந்த முனையுள்ள உளியால் நாருக்குக் குறுக்காகச் சிறிது சிறிதாக எடுக்க வேண்டும். குழி அமைந்த பின் வெளிப்புறம், அதன்பின் காம்பு. கத்தி எப்போதும் மேட்டிலிருந்து பள்ளம் நோக்கி இறங்க வேண்டும். பள்ளத்திலிருந்து மேடேறினால் நார் பெயர்ந்து மரம் பிளவுபடும். கத்தி செல்லும் வழியில் மற்றொரு கையோ தொடையோ இருக்கக் கூடாது. இதைச் சொல்லாமல் கத்தியைக் கொடுப்பவர் கற்பிப்பவர் ஆகார்.

வடிவம் முடிந்ததும் வெயிலில் வைத்துவிடுவது பலர் செய்யும் பிழை. வெளிப்புறம் விரைந்து உலர்ந்து சுருங்க, உட்புறம் ஈரமாகவே இருக்க, இடையில் மரம் வெடிக்கும். அதன் சீவல்களிலேயே பொதிந்து, பழந்துணியால் சுற்றி, நிழலில் ஓரிரு கிழமைகள் விட்டுவிடுவது நல்லது. நன்கு உலர்ந்தபின் உப்புத்தாளால் தேய்த்து, ஒருமுறை நீரில் நனைத்து எடுத்தால் நார் முனைகள் சிலிர்த்தெழும். உலரவிட்டு மறுபடியும் தேய்த்தால் அவை அடங்கிவிடும். கடைசியாக எண்ணெய். தேங்காய் எண்ணெய் மரத்தில் ஊறும், ஆனால் இறுகாது. அவ்வப்போது மீண்டும் தடவ வேண்டும். ஆளிவிதை எண்ணெய் சில நாளில் காற்றுப்பட்டு இறுகிவிடும். வண்ணமும் மெருகுப்பூச்சும் அடுக்களைக் கரண்டிக்கு வேண்டா.

முதற்கரண்டி பெரும்பாலும் கோணலாகவே அமையும். கோணல் கரண்டியும் குழம்பைக் கிளறும்.

யார் செய்யலாம்?

கைவினையைப் பள்ளிக்குள் கொண்டுவரும் முயற்சி புதியதன்று. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சுவீடனின் நேஸ் என்னும் ஊரில் ஓட்டோ சாலமன் ஆசிரியர்களுக்கு மரக்கைவினையைக் கற்பித்தார். தச்சரை உருவாக்குவது அவர் நோக்கம் அன்று. கண்ணும் கையும் ஒத்துழைக்கும் மாணவரை உருவாக்குவதே நோக்கம். மாணவர் கையில் முதலில் கொடுக்கப்பட்டது கத்தி. செய்யச் சொன்னவை வீட்டில் பயன்படும் எளிய பொருள்கள். இந்தியாவில் 1937ஆம் ஆண்டு அக்டோபரில் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில், ஒரு கைத்தொழிலை நடுவாகக் கொண்ட ஆதாரக் கல்வியைக் காந்தியடிகள் முன்வைத்தார்.

தமிழ்நாட்டில் இந்தப் பேச்சு எளிதாக முடிந்துவிடவில்லை; முடிந்திருக்கவும் கூடாது. 1953இல் சென்னை மாநில முதலமைச்சராக இருந்த இராசாசி, தொடக்கப்பள்ளி நேரத்தை ஒருவேளையாகக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தார். தச்சர் பிள்ளைக்கு உளியும் சலவைத் தொழிலாளி பிள்ளைக்குத் துணிமூட்டையுமே விதி என்றாக்கும் ‘குலக்கல்வித் திட்டம்’ என்று அதை எதிர்த்தோர் குரலெழுப்பினர். 1954இல் காமராசர் ஆட்சியில் அத்திட்டம் கைவிடப்பட்டது. அந்த எதிர்ப்பு சரியானதே. பிறப்பைக் காட்டி ஒருவர் கையில் உளியைத் திணிப்பது கல்வி ஆகாது.

ஆனால் அதன் மறுபக்கம் ஒன்று உண்டு. பிறப்பைக் காட்டி உளியைத் திணித்த அதே சமூகம், மற்றவர் கையிலிருந்து உளியை விலக்கியும் வைத்தது. கையால் செய்யும் வேலை தாழ்ந்தது, கருத்தால் செய்யும் வேலை உயர்ந்தது என்ற எண்ணம் இன்னும் அகலவில்லை. மருத்துவராகப் போகும் மாணவியும் மென்பொருள் எழுதப் போகும் மாணவரும் ஒரு கரண்டியைச் செதுக்கத் தெரிந்திருப்பதில் குலம் எங்கே வருகிறது? உளி ஒரு குலத்தின் சொத்தாக இருந்தது போதும். கூலிக்காக நாள் முழுதும் உளி பிடிக்கும் தச்சரின் திறனுக்கு எவ்வளவு விலை தர வேண்டும் என்பதும், ஒருமுறையேனும் உளி பிடித்தவருக்குத்தான் விளங்கும். அம்பாசமுத்திரத்து மரச்சொப்புச் சாமான்களை வாங்கும்போது பேரம் பேசும் நாவு, கடைசல் பட்டறையில் ஒரு நாழிகை நின்று பார்த்தால் சற்றே தயங்கும். சுழலும் மரத்தின்மேல் அரக்குக் குச்சியை அழுத்த, உராய்வின் சூட்டிலேயே அரக்கு உருகி நிறமாகப் படியும். எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதை அந்தக் கை மட்டுமே அறியும்.

ஒரு பிடியைப் பொருத்துதல்

பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமைதோறும் கூடும் சந்தை பழம்பொருள்களுக்குப் பெயர்பெற்றது. அத்தகைய சந்தையில் துருவேறிய பழைய இரும்புகளுக்கிடையே பிடியற்ற ஒரு களைக்கொத்து கிடைத்தால் அதை விட்டுவிட வேண்டியதில்லை. துருவைத் தேய்த்து, முனையை அரத்தால் தீட்டினால் இரும்பு முன்போல் உழைக்கும். எஞ்சியது பிடி.

கரண்டிக்குச் சொன்னதற்கு நேர்மாறான விதி பிடிக்கு. பிடி நன்கு உலர்ந்த மரமாக இருக்க வேண்டும். பச்சைக் கட்டையை இறுக்கிப் பொருத்தினால் இன்று அசையாது. ஒரு மாதத்தில் சுருங்கிக் கழன்றுவிடும். ஓங்கிக் கொத்தும்போது இரும்பு கழன்று பறந்தால் எதிரே இருப்பவருக்குப் பேராபத்து. தளர்ந்த பிடியைத் தண்ணீரில் ஊறவைப்பது எங்கும் காணப்படும் வழக்கம். மரம் ஊதி இறுகுவது உண்மையே. ஆனால் இரும்புக் காதுக்குள் ஊத இடமின்றி நார்கள் நசுங்குகின்றன. காய்ந்தபின் பிடி முன்னிலும் தளர்ந்துவிடும். சரியான வழி ஆப்பு. பிடியின் தலையில் ரம்பத்தால் ஒரு பிளவு அறுத்து, பிடியைக் காதுக்குள் நுழைத்து, உலர்ந்த கருவேலத்தில் சீவிய மெல்லிய ஆப்பை அந்தப் பிளவில் வைத்துக் கொட்டாப்புளியால் அடிக்க வேண்டும். முதல் அடிகளில் ஓசை மந்தமாக இருக்கும். ஆப்பு உள்ளே இறங்க இறங்க ஓசை கூர்மையாகும். கணீரென்று ஒலித்ததும் நிறுத்திவிட்டு, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மிச்சத்தை ரம்பத்தால் அறுத்துவிடலாம்.